எம்.எல்.ஏ. வழியாக அமைச்சரிடம் எழுத்துமூலம் பதில் வாங்குவது எப்படி?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் வருவதில்லை. ஏரியின் மதகு உடைந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மனு கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரையும் பார்த்தாயிற்று. கையில் மிஞ்சியது ஒப்புகைச் சீட்டு மட்டும்தான். அடுத்து சாலை மறியல்தான் என்று ஊர் பேசத் தொடங்கும் நேரத்தில், பெரும்பாலோர் எட்டிப் பார்க்காத ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அது சட்டமன்ற வினா.

அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 164(2) பிரிவு. தமிழ்நாட்டின் 234 உறுப்பினர்களில் அமைச்சர்களும் பேரவைத் தலைவரும் போக மற்றவர்கள் அந்தப் பொறுப்பை நினைவூட்டக் கையில் வைத்திருக்கும் கருவிகளில் எளிமையானது வினா. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணை வினாக்களும் உண்டு. குறியிடாத வினாவுக்கு எழுத்துமூலப் பதில் அவை முன் வைக்கப்படும். முதல் வகைதான் நேரலையில் வரும், செய்தியாகும். ஆனால் எண்ணிக்கை, தேதி, ஒதுக்கிய பணம், செலவான பணம் என்று கணக்குக் கேட்க விரும்புவோருக்கு இரண்டாவது வகையே உகந்தது. பேச்சில் நழுவ இடமுண்டு. பட்டியலாகக் கேட்டதற்குப் பட்டியலாகத்தான் பதில் தர வேண்டும்.

வினாவை முறைப்படி கொடுப்பவர் உறுப்பினர்தான். அதற்கான சரக்கை நீங்கள் தயாரித்துக் கொடுக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

1. இது வினாவுக்குரிய விஷயம்தானா?

தனிப்பட்ட பட்டா மாறுதல், ஒருவரின் ஓய்வூதியம், இடமாற்றம் போன்றவற்றுக்கு இது வழியல்ல. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதையும் தொட முடியாது. ஒரு ஊரின், ஒரு ஒன்றியத்தின், ஒரு திட்டத்தின் நிலையாக இருக்க வேண்டும். மாநில அரசின் பொறுப்பில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். ரயில்வே மேம்பாலத்தில் ரயில்வே கட்ட வேண்டிய பகுதி தாமதமானால் அது நாடாளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டிய கேள்வி. அணுகுசாலை தாமதமானால் சட்டமன்றத்தில் கேட்கலாம்.

2. எந்தத் துறை என்று முடிவு செய்யுங்கள்

பாதிக் கேள்விகள் தவறான வாசலில் நிற்பதால்தான் வீணாகின்றன. 'இது எங்கள் துறை சார்ந்ததல்ல' என்ற ஒற்றை வரியோடு ஒரு கூட்டத்தொடர் கழிந்துவிடும்.

ஏரியையே எடுத்துக்கொள்வோம். பொதுவாக 40 ஹெக்டேருக்கு (சுமார் 100 ஏக்கர்) மேல் ஆயக்கட்டு உள்ள பாசன ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழ்ப்பட்டவை ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் இருப்பதால் ஊரக வளர்ச்சித் துறைக்கு உரியவை. ஒரே வாய்க்காலில் இணைந்த இரண்டு ஏரிகளுக்கு இரண்டு அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டிவரலாம். சாலையும் அப்படியே. மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஊராட்சி ஒன்றியச் சாலை ஊரக வளர்ச்சித் துறையுடையது. சந்தேகம் இருந்தால் ஒன்றிய அலுவலகத்திலோ கோட்டப் பொறியாளர் அலுவலகத்திலோ கேட்டு உறுதிசெய்த பிறகே எழுத உட்காருங்கள்.

3. ஏற்கெனவே வெளியில் இருப்பதைப் படித்துவிடுங்கள்

அச்சில் கிடைக்கும் தகவலைக் கேட்கும் வினா ஏற்கப்படாது. அது தடை மட்டுமல்ல, உங்களுக்கு உதவியும்கூட. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் மாநில அளவிலான எண்கள் இருக்கும். அரசாணைகள் இருக்கின்றன. தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கைகள் இருக்கின்றன. பேரவையின் இணையதளத்தில் முந்தைய வினா விடைகளும் உண்டு.

இடையில் உள்ள ஓட்டையை அடைக்கத் தகவல் உரிமைச் சட்டம் உதவும். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். தகவல் உரிமை மனு கோப்பில் இருப்பதைத் தரும், பதில் சொல்பவர் பொதுத் தகவல் அலுவலர். 'ஏன் செய்யவில்லை', 'எப்போது முடிப்பீர்கள்' என்று அங்கே கேட்க முடியாது. வினாவில் அவற்றையும் கேட்கலாம், பதில் அமைச்சரின் பெயரில் வரும். தெரிந்தே தவறான தகவலை அவைக்குத் தந்தால் அது உரிமை மீறல் பிரச்சினையாக எழுப்பப்படும். ஆகவே தகவல் உரிமையில் துப்புத் துலக்குங்கள், வினாவில் முடிச்சுப் போடுங்கள்.

4. வினாவை எழுதுங்கள்

வழக்கமாக எழுதப்படும் வினா இப்படி இருக்கும்:

"எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர்கள் இன்றி ஏழை மக்கள் அல்லல்படுவதை அரசு அறியுமா? காலியிடங்களை உடனடியாக நிரப்ப அரசு முன்வருமா?"

பதிலை நீங்களே எழுதிவிடலாம்: "அரசு அறியும். விரைவில் நிரப்பப்படும்." அமைச்சருக்கு ஒரு சிரமமும் இல்லை, ஊருக்கு ஒரு பயனும் இல்லை. 'அல்லல்படுவதை' என்ற சொல்லைக்கூட, கருத்து என்று பேரவைச் செயலகம் வெட்டிவிடலாம். வாதம், ஊகம், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் வினாவில் நிற்காது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

(அ) இன்ன ஒன்றியத்தில் உள்ள ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் பணியிடங்கள் எத்தனை? இன்ன தேதியன்று பணியில் இருந்தோர் எத்தனை பேர்?

(ஆ) அந்த நிலையங்களில் காலியாக உள்ள ஒவ்வொரு பணியிடமும் எந்தத் தேதி முதல் காலியாக உள்ளது?

(இ) அந்த நிலையங்களில் ஊதியம் பெற்றுக்கொண்டு, மாற்றுப்பணியில் வேறிடத்தில் பணிபுரிவோர் எத்தனை பேர்? எந்தத் தேதி முதல்?

(ஈ) மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்குத் தேவைப் பட்டியல் அனுப்பப்பட்ட தேதி எது? காலியிடங்கள் எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும்?

உயிர்நாடி (இ) பகுதி. காகிதத்தில் இடம் நிரம்பியிருக்கும், ஆள் மாவட்டத் தலைநகரில் இருப்பார். 'காலியிடம் உண்டா' என்று மட்டும் கேட்டிருந்தால் 'இல்லை' என்று உண்மையாகவே பதில் வந்திருக்கும். உங்கள் ஊர்ப் பிரச்சினையிலும் இப்படி ஓர் இடுக்கு இருக்கும். அதை அறிந்தவர் நீங்கள்தான், எம்.எல்.ஏ. அல்லர்.

எழுதியதை மூன்று முறையில் சோதியுங்கள். முதலாவது, ஒவ்வொரு பகுதியும் தனித்து நிற்கிறதா? '(அ) அரசிடம் திட்டம் உள்ளதா, (ஆ) ஆம் எனில் எப்போது, (இ) எவ்வளவு செலவில்' என்று எழுதினால், '(அ) இல்லை. (ஆ), (இ) வினா எழவில்லை' என்று மூன்றையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டாவது, காலவரம்பும் இடவரம்பும் உள்ளனவா? 'தமிழகம் முழுவதும், கடந்த இருபது ஆண்டுகளில்' என்று கேட்டால் 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்ற பதிலை நீங்களே வரவழைக்கிறீர்கள். ஓர் ஒன்றியம், மூன்று நிதியாண்டு போதும். மூன்றாவது, 'ஆம்', 'இல்லை' என்று தப்ப முடிகிற பகுதி ஏதேனும் உண்டா? இருந்தால் 'எத்தனை', 'எந்தத் தேதியில்', 'எவ்வளவு ரூபாய்' என்று மாற்றுங்கள்.

5. எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோங்கள்

ஒரே பக்கம். மேலே வினா, கீழே நான்கு வரிப் பின்னணி, பின்னால் ஆதாரங்களின் நகல். தொகுதி அலுவலகத்தில் கொடுக்கும்போது அவருடைய உதவியாளரிடம் விளக்கமாகப் பேசுங்கள். பல வேளைகளில் வினாக்களைத் தட்டச்சு செய்து அனுப்புபவர் அவர்தான். கூட்டத்தொடர் தேதி அறிவித்த பிறகு கிளம்பினால் பிந்திவிடும். வினா பேரவைச் செயலகம் போய், அங்கிருந்து துறைக்கு, துறையிலிருந்து இயக்குநரகத்துக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு இறங்கி, பதிலாக அதே படிகளில் ஏறி வர வேண்டும். நிதிநிலைக் கூட்டத்தொடருக்கு நினைத்தால் பொங்கலுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஆளுங்கட்சி உறுப்பினர் தயங்கினால், இது எண்ணிக்கை கேட்கும் வினாவே தவிர எதிர்ப்பு வினா அல்ல என்று சொல்லுங்கள். தொகுதிக்கு ஆள் கேட்டு வாங்கிய பெயர் அவருக்கே கிடைக்கும். உங்கள் எம்.எல்.ஏ. அமைச்சராக இருந்தால் அவரால் வினாக் கொடுக்க முடியாது. பக்கத்துத் தொகுதி உறுப்பினரை நாடலாம். கொடுத்த வினாவின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

6. பதிலைப் படியுங்கள்

பதில் வந்ததும் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன், கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கிறதா என்று பகுதி பகுதியாக ஒப்பிடுங்கள். சில தொடர்களுக்கு அடுத்த வினா உடனே தயாராக வேண்டும்.

'பரிசீலனையில் உள்ளது' என்றால், கருத்துரு எந்த அலுவலகத்திலிருந்து எந்தத் தேதியில் வந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 'நிதி நிலைமைக்கேற்ப' என்றால், மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, இந்த ஆண்டு இதே வகைப் பணிகள் எத்தனைக்கு அனுமதி தரப்பட்டது, எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்றால் மகிழுங்கள், அது உறுதிமொழி. அவையில் தரப்பட்ட உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்க்கவே பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அது மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வரும்போது இந்தப் பதிலோடு போய் நில்லுங்கள். மனுக்கள் குழு பொதுமக்களிடம் மனு கேட்டு அறிவிக்கும்போதும் இதே பதிலை இணைக்கலாம்.

ஒரு பதில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாடாளுமன்றத்தில் முன்னுதாரணம் உண்டு. எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்டதா என்று 1957-இல் மக்களவையில் எழுந்த கேள்விகளை உறுப்பினர் பெரோஸ் காந்தி விடாமல் தொடர்ந்தார். நீதிபதி சக்ளாவின் விசாரணை வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதன் தொடக்கம் ஒரு முதலீட்டைப் பற்றிய எளிய தகவல் கேள்விதான்.

7. ஊருக்குச் சொல்லுங்கள், மறுபடி கேளுங்கள்

பதிலை அலமாரியில் வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் வாசித்துத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். உள்ளூர் நிருபருக்கு நகல் கொடுங்கள். 'மூன்று டாக்டர் பணியில் உள்ளனர்' என்று பதில் சொன்னால், மூவரும் வருகிறார்களா என்று பார்க்க ஊரைவிடச் சிறந்த தணிக்கையாளர் இல்லை.

பிறகு அடுத்த ஆண்டு அதே வினாவை, தேதியை மட்டும் மாற்றி, மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். முதல் பதில் ஒரு நிலவரம் மட்டுமே. இரண்டாவது பதில் வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான், இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்தில் துறை என்ன செய்தது என்பது தெரியும். துறையில் பதில் தயாரிப்பவருக்கும் இந்த வினா திரும்ப வரும் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பணியிடம் அடுத்த பட்டியலில் காலி என்று எழுத அவரே தயங்குவார்.