நட்பா, நீதியா? ஹதீஸ் கலை தரும் பாடம்

மார்க்க ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை வருகிறது. எழுதியவர் நம் உஸ்தாத். அல்லது உடன் ஓதிய நண்பர். ஆதாரமோ பலவீனம். வெளியிடுவதா, திருப்பி அனுப்புவதா?

இச்சோதனை புதிதன்று. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 234). அவர்களிடம், அவர்களுடைய தந்தை அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபரின் அறிவிப்புகளைப் பற்றிக் கேட்கப்பட்டது. பிறரிடம் கேட்கச் சொல்லி ஒதுங்கினார்கள். மீண்டும் கேட்டபோது தலைகுனிந்தார்கள். பின்னர், இது தீனுடைய விஷயம் என்று கூறி, தந்தை பலவீனமானவர் என்றே அறிவித்தார்கள்.

தந்தைக்குச் செய்யும் பணிவிடை வேறு, சாட்சியம் வேறு. பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதியில் நிலைத்திருக்கத் திருமறை (4:135) பணிக்கிறது. பகையும் நீதியைக் கெடுத்துவிடக் கூடாது (5:8). எனவே, நமக்குப் பிடிக்காதவரின் நல்ல கட்டுரையைத் தள்ளுவதும் குற்றமே.

அச்சேறிய ஆதாரமற்ற செய்தி, வாசகரின் வணக்கத்தில் அமலாக நுழைந்துவிடும். அதற்கு வெளியிட்டவரும் பொறுப்பாளி. ஆகவே, எழுதியவரின் பெயரை மறைத்து, தொடர்பில்லாத ஆலிம்கள் இருவரிடம் கட்டுரையைக் காட்டுவோம். குறையைத் தனிமையில், கனிவாய்ச் சொல்வோம். நண்பரின் வருத்தம் ஆறும். பரவிவிட்ட தவறைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

அல்லாஹ் நமக்கு அவ்வுறுதியைத் தந்தருள்வானாக! ஆமீன்.