இனிப்பு மாத்திரை: உதவுவது எப்போது, உதவாதது எப்போது?

அடுகோடியில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர் நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஒருநாள் காலைச் சிற்றுண்டி தாமதமாகவே, அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கத் தொடங்கியது. சர்க்கரை குறைந்துவிட்டதென வீட்டார் சரியாகவே புரிந்துகொண்டனர். ஆனால் அவசரத்தில், வழக்கம்போல் இனிப்பு மாத்திரை போட்ட காப்பியைக் கொடுத்துவிட்டனர். நடுக்கம் நிற்கவில்லை. பிறகு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்த பின்னரே தெளிந்தார். இம்மாத்திரை இன்று நம்மில் பலர் வீட்டில் இருப்பதால், அதன் தன்மையை அறிந்துகொள்வது நல்லது.

செயற்கை இனிப்புகளில் மூத்தது சாக்கரின். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆராயும்போது தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1965இல் ஆஸ்பர்டேமும், 1976இல் சுக்ரலோஸும் வந்தன. சர்க்கரையைவிட ஆஸ்பர்டேம் சுமார் 200 மடங்கும், சாக்கரின் சுமார் 300 மடங்கும், சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கும் இனிப்பானவை. எனவே கடுகளவே போதும். அவ்வளவு சிறிய பொருள் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில்லை. அதுவே இதன் நன்மை; அந்தப் பெரியவருக்கு இது உதவாமற்போன காரணமும் அதுவே.

பயன்படுத்தும் முறை:

1. அளவு: ஆஸ்பர்டேமுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்பது சர்வதேச நிபுணர் குழுவின் வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 2,400 மில்லிகிராம். மாத்திரையொன்றில் 18 மில்லிகிராம் என்று கொண்டால், 130 மாத்திரைகளுக்கு மேல். 2023இல் இது புற்றுநோயுடன் தொடர்புடையதாக இருக்கலாம் என ஓர் அமைப்பு வகைப்படுத்தியபோதும், நிபுணர் குழு இவ்வரம்பை மாற்றவில்லை. ஆகவே காப்பிக்கு ஒன்றிரண்டு மாத்திரை என்றால் அஞ்ச வேண்டியதில்லை.

2. சூடு: ஆஸ்பர்டேம் கொதிக்கக் கொதிக்கச் சிதைந்து இனிப்பை இழக்கும். பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறியபின் சேர்க்கவும். சுக்ரலோஸ் கொதிநிலையைத் தாங்கும்.

3. யாருக்கு ஆகாது: பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் ஆஸ்பர்டேமைத் தொடக்கூடாது. குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்கவும்.

4. ஏமாற வேண்டாம்: "சர்க்கரை இல்லாதது" என்று விற்கும் இனிப்பிலும் மாவும் நெய்யும் உண்டு. மாவு இரத்தத்தில் சர்க்கரையாகவே மாறும்.

5. மிக முக்கியமானது: சர்க்கரை குறைந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால், உண்மையான சர்க்கரை அல்லது குளுக்கோஸ் மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்கவும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும்.

நீரிழிவுக்காரர் உள்ள வீட்டில் இனிப்பு மாத்திரைக்குப் பக்கத்திலேயே ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும். எது எதற்கு என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும், சிறுவர்களுக்கும் கூட, இன்றே சொல்லி வையுங்கள்.