வாடகைக் கட்டடம் வங்கியின் சொத்தாவது எங்ஙனம்?

கேள்வி: பதுளை நகரில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கிளை வாடகைக் கட்டடத்திலேயே இயங்குகிறது. ஆயினும் வங்கியின் ஆண்டறிக்கை அத்தகைய கட்டடங்களைச் சொத்துகளோடு சேர்த்துக் காட்டுகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், பசறை

பதில்: சொத்தாகக் காட்டப்படுவது கட்டடமன்று, குறித்த காலம்வரை அதனை உபயோகிக்கும் உரிமையே. 2019 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16, அதற்குமுன் வாடகைச் செலவென்னும் ஒற்றை வரிக்குள் மறைந்துகிடந்த நீண்டகாலக் கடப்பாட்டை ஐந்தொகைக்குக் கொணர்ந்தது. இதனை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆண்டிறுதிதோறும் ஓர் இலட்சம் ரூபா வீதம் 3 ஆண்டுகள் செலுத்துவதாக ஒப்பந்தமாயின், நூற்றுக்கு 10 வட்டியில் அதன் இன்றைய பெறுமதியாகிய ஏறத்தாழ 248,700 ரூபா, ஒருபுறம் உரிமைச் சொத்தாகவும் மறுபுறம் குத்தகைப் பொறுப்பாகவும் பதியப்படும். பின்னர் வாடகைக்குப் பதிலாகத் தேய்மானமும் வட்டியும் செலவாகி, முதலாண்டில் அவ்விரண்டும் சேர்ந்து வாடகையை விஞ்சி ஏறத்தாழ 107,800 ரூபாவாகும். 12 மாதங்களுக்கு மேற்படாத குத்தகைகளுக்கு விலக்குண்டு.

ஊவாத் தோட்டங்களுக்கும் இது அந்நியமன்று. பெருந்தோட்டக் கம்பனிகள் 1992 இல் பெற்ற, 2045 இல் முடிவுறும் 53 ஆண்டுக் குத்தகைகளும் அவற்றின் நிதிக்கூற்றுகளில் இடம்பெறுகின்றன. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் வாழும் லயங்கள் நிற்கும் நிலத்தின் நிலையை அறிய விரும்புவோர் அக்குறிப்புகளை அவசியம் வாசிக்க வேண்டும்.

முச்சக்கரவண்டிக்கு நீங்கள் பெறும் லீசிங் இதற்கு மறுதலையானது. அங்கே குத்தகை கொடுப்பது வங்கியாதலால், வரவேண்டிய தொகை, இன்னும் உழைக்கப்படாத வட்டி கழிக்கப்பட்டு, கடன்களும் முற்பணங்களும் என்ற தலைப்பின்கீழ்ச் சேரும்.