வாங்குபவரின் தலை குனியாமல் கொடுப்பது எப்படி?
நான்கு சமயங்களைச் சேர்ந்த நான்கு பேர் தரும் பாடம்



இந்த இதழின் பாடத்தை நம் அறக்கட்டளையின் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்க வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறோம். யாரென்று தயவுசெய்து தேட வேண்டாம்.

ஒரு ரமளானில் பள்ளிவாசல் முன்பாகப் பந்தல் போட்டு, மேடை அமைத்து, மளிகைப் பொருட்கள் வழங்கினோம். பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக மேடையேறி அரிசிப் பையை வாங்கினார்கள். படம் எடுத்தோம். நம் இதழில் வெளியிட்டோம். வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினோம். அடுத்த ஆண்டு பட்டியலைப் புதுப்பிக்கப் போனபோது, கணவரை இழந்த ஒரு சகோதரி தன் அட்டையைத் திருப்பித் தந்தார். "எங்களுக்கு இனிமே வேணாம் பாய், வேற யாருக்காச்சும் குடுங்க" என்றார். வசதி வந்துவிட்டது போலும் என்று எண்ணி, அல்ஹம்துலில்லாஹ் சொல்லித் திரும்பினோம்.

பிறகுதான் தெரிந்தது. அந்தப் படத்தில் தாயின் அருகில் அவருடைய மகளும் நின்றிருந்தாள். உடன் படிக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். ஒரு வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த வீட்டில் அரிசியின் தேவை தீரவில்லை. நம்மிடம் வாங்கும் மனம்தான் தீர்ந்து போயிற்று.

மார்க்கம் முன்பே எச்சரித்தது

நமக்கு இது தெரியாத விஷயமல்ல. சொல்லிக்காட்டுவதும் மனத்தைப் புண்படுத்துவதும் கொடுத்த தர்மத்தையே பாழாக்கிவிடும் என்று சூரத்துல் பகராவின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. அதே அத்தியாயத்தின் 271ஆம் வசனம், வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது. 273ஆம் வசனமோ, யாரிடமும் வற்புறுத்திக் கேட்காமல், தன்மானத்தால் வசதியுள்ளவர் போலவே தோற்றமளிக்கும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. நாம் மேடைக்கு அழைத்தவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான்.

நபி (ஸல்) அவர்களின் கொள்ளுப்பேரர் இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள், இரவு நேரத்தில் உணவு மூட்டைகளைத் தம் முதுகில் சுமந்து சென்று மதீனாவின் ஏழை வீடுகளில் சேர்ப்பித்து வந்தார்கள். யார் கொண்டு வந்தார்கள் என்பது, அவர்கள் வஃபாத்தான பிறகு அந்த மூட்டைகள் வராமல் நின்றபோதுதான் மக்களுக்குத் தெரிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அறிந்தும் தவறினோம். ஆகவே, கொடுக்கும் முறையைத் தம் வாழ்நாள் முழுவதும் யோசித்த சிலரை நம் காலத்திலிருந்து எடுத்துப் படித்தோம். நால்வரில் மூவர் பிற சமயத்தவர். அவர்களிடம் நமக்கு என்ன பாடம் என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. நபித்துவத்துக்கு முன், மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில், அநீதிக்குள்ளானவருக்குத் துணை நிற்போம் என்று செய்யப்பட்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் நம் நாயகம் (ஸல்) அவர்கள் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அப்படியொன்றுக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்றே சொன்னார்கள். நன்மை எங்கிருந்தாலும் அது நன்மைதான்.

1. டோரதி டே: வந்தவரெல்லாம் விருந்தினர்

டோரதி டே 1897இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்த பத்திரிகையாளர். 1927இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்கள் ரொட்டிக்காக வரிசையில் நின்ற காலத்தில், 1933 மே 1 அன்று, பீட்டர் மோரின் என்பவரோடு சேர்ந்து 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். விலை ஒரு சென்ட். அதைத் தொடர்ந்து ஏழைகளுக்காக விருந்தோம்பல் இல்லங்கள் எழுந்தன. அங்கே வருபவர் பயனாளி அல்ல, விருந்தினர். எந்த மதம், ஏன் இந்த நிலைமை என்ற விசாரணை கிடையாது. டோரதியும் அவர்களோடு அதே வீட்டில் தங்கி, அதே உணவை உண்டார்.

அவரோடு பணியாற்றியவர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். ஒருவர் வைர மோதிரம் ஒன்றை நன்கொடையாகத் தந்தார். டோரதி அதை, அங்கே வழக்கமாக வரும் ஒரு மூதாட்டியிடம் கொடுத்துவிட்டார். விற்று அந்த அம்மாவின் வீட்டு வாடகையைக் கட்டியிருக்கலாமே என்று உடனிருந்தவர்கள் கேட்டார்கள். விற்பதா, அணிவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும், வைரத்தை இறைவன் பணக்காரர்களுக்காக மட்டுமா படைத்தான் என்பது டோரதியின் பதிலாக இருந்தது.

நம் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. அவர்களுடைய கட்டடம் ஒன்றை நகராட்சி எடுத்துக்கொண்டு, விலையோடு வட்டியும் சேர்த்துக் கொடுத்தது. வட்டி கூடாது என்ற தம் கொள்கைப்படி, 1960இல் அந்த 3,579 டாலரை டோரதி திருப்பி அனுப்பினார். அன்றாடம் சோற்றுக்குச் சிரமப்பட்ட ஒரு அமைப்பு அது.

2. வினோபா பாவே: பிச்சை அல்ல, பங்கு

காந்தியடிகளின் சீடரான வினோபா, திருக்குர்ஆனைக் கற்று அதன் சாரத்தை நூலாகத் தொகுத்தவர். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமற்ற தலித் குடும்பங்கள் அவரிடம் 80 ஏக்கர் நிலம் கேட்டன. கூட்டத்திலிருந்த ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார், 100 ஏக்கர் தருவதாக எழுந்து சொன்னார். பூதான இயக்கம் அப்படிப் பிறந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேல் நாடெங்கும் நடந்தே சென்றார் வினோபா. உங்களுக்கு ஐந்து மகன்கள் இருந்தால் என்னை ஆறாவது மகனாக எண்ணி, என் பங்கைக் கொடுங்கள் என்பதே அவர் கேட்ட முறை. பிச்சை கேட்கவில்லை, பாகப்பிரிவினை கேட்டார்.

சூரத்துத் தாரியாத்தின் 19ஆம் வசனத்தை நினைத்துப் பாருங்கள். கேட்பவருக்கும் கேட்காமல் இருக்கும் ஏழைக்கும் நம் செல்வத்தில் உள்ளதை அல்லாஹ் உரிமை என்றே சொல்கிறான். அவர்கள் பங்கை அவர்களிடம் சேர்ப்பதற்குப் படம் எதற்கு?

வினோபாவின் எல்லாக் கருத்தும் நமக்கு ஏற்புடையதல்ல. 1979இல் அவர் பசுவதைத் தடைக்காக உண்ணாநோன்பு இருந்தார். பூதானத்திலும் குறை உண்டு. சுமார் 40 லட்சம் ஏக்கர் வாக்களிக்கப்பட்டாலும் கணிசமான பகுதி ஏழைகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை. வாக்களிப்பது வேறு, கொண்டு சேர்ப்பது வேறு என்பதும் நமக்கு ஒரு பாடம்.

3. அரியரத்ன: வாங்குபவரும் கொடுக்கலாம்

இலங்கையில் பௌத்த நெறியையும் காந்தியச் சிந்தனையையும் இணைத்தவர் ஏ.டி. அரியரத்ன. கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1958இல் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் கிராமம் அது. மாணவர்கள் பொருள் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. கிராமத்தாரோடு சேர்ந்து உழைத்தார்கள். அதுவே 'சர்வோதய சிரமதான' இயக்கமாக வளர்ந்து ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. சிரமதானம் என்றால் உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. பணமில்லாதவரும் கொடுக்கக்கூடிய தானம் அது. அரியரத்ன 2024இல் காலமானார்.

நம் பட்டியலில் உள்ள சகோதரிகளில் தையல் தெரிந்தவர்கள் உண்டு, பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கக்கூடியவர்கள் உண்டு. அவர்களை வாங்குபவர்களாக மட்டுமே பார்த்தது நம் குறை.

4. அப்துல் சத்தார் ஈதி: கேள்வி கேட்காத தொட்டில்

நம்மவரான ஈதி 1928இல் குஜராத்தின் பாண்ட்வாவில் பிறந்து, பிரிவினையின்போது கராச்சிக்குப் போனவர். 1951இல் ஒரு சிறு மருந்தகத்தில் தொடங்கிய அவர் பணி, பிற்காலத்தில் மாபெரும் ஆம்புலன்ஸ் சேவையாக வளர்ந்தது. நன்கொடைக்காகத் தெருவில் உட்கார்ந்து கையேந்தவும் அவர் தயங்கவில்லை. ஏழையைக் கையேந்த வைக்காமல் தாமே ஏந்தினார். அவரும் மனைவி பில்கீஸும் தம் நிலையங்களின் வாசலில் தொட்டில்களை வைத்தார்கள். வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்லாதீர்கள், இங்கே விட்டுச் செல்லுங்கள் என்றார்கள். விட்டுச் சென்றவர் யார் என்று கேட்கவில்லை. இதற்காகப் பழிச்சொல்லும் கேட்டார்கள், தொட்டிலை எடுக்கவில்லை. 2016 ஜூலை 8 அன்று ஈதி காலமானார்.

நாம் செய்த முடிவு

நான்கு பேரின் நம்பிக்கை நான்கு விதம். நம் ஈமானில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் கொடுக்கும் இடத்தில் நால்வரும் ஒன்றைக் கவனித்தார்கள்: எதிரில் நிற்பவரின் மானம். செயற்குழு கூடி இவ்வாறு முடிவு செய்திருக்கிறது.

உதவி பெறுபவர்களின் படம் இனி எடுக்கப்படாது. மேடையும் பெயர் கூப்பிடுவதும் இல்லை. உரியவர்கள் வழக்கமான மளிகைக் கடைக்குப் போய் மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே பொருள் வாங்கலாம், கணக்கை அறக்கட்டளை தீர்க்கும். யாருக்கு உதவுவது என்று பார்க்கும் குழுவில், உதவி பெறும் சகோதரிகள் இருவரும் இடம்பெறுவார்கள்.

கூட்டத்தில் ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. படம் இல்லாவிட்டால் வளைகுடாவிலிருந்து ஜகாத் அனுப்பும் நம் பிள்ளைகள் எப்படி நம்புவார்கள்? ஜகாத் ஓர் அமானிதம். கணக்குக் கேட்பது அவர்களின் உரிமை. எனவே தணிக்கை செய்த வரவு செலவு அறிவிப்புப் பலகையில் இருக்கும், பெயருக்குப் பதில் எண்ணோடு பதிவேடும் இருக்கும். ஆனால் ஏழையின் முகம் நம் கணக்குச் சீட்டு அல்ல. இதனால் நன்கொடை சிறிது குறையலாம். அதையும் பேசித்தான் முடிவெடுத்தோம்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நம் மகளிர் குழுவினர் சென்று மன்னிப்புக் கேட்டார்கள். உட்கார வைத்து டீ கொடுத்தார். அட்டையை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் பெயரை நாமும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நாம் கடைசியாக ஒருவருக்கு உதவியதை எத்தனை பேரிடம் சொன்னோம்?
2. பித்ராவையும் ஸதகாவையும் பிள்ளைகள் கையால் கொடுக்க வைக்கும்போது, எப்படிக் கொடுப்பது என்று சொல்லித் தருகிறோமா?
3. நாளை நமக்கே தேவை வந்தால், யார் எப்படித் தந்தால் நம்மால் வாங்க முடியும்?

நம் தர்மத்தைப் பெருமையிலிருந்தும், நம் ஏழைகளை நம் கையால் வரும் அவமானத்திலிருந்தும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.