எருக்குழியும் கடன் கணக்கும்

கூட்டுறவுச் சங்கம் என்றதும் கடன் கொடுக்கும் இடம் என்பதே பலருடைய நினைவுக்கு வருகிறது. ஆனால் கடன் கொடுப்பது சங்கத்தின் வேலையில் பாதியே. அவசியமில்லாத கடன் அங்கத்தினருக்கு ஏற்படாதபடி அவரைச் சிக்கன வழக்கத்தில் பழக்குவது மற்றொரு பாதி. பயிர்க்கடனில் ஒரு பகுதி ரொக்கமாகவும், ஒரு பகுதி உர மூட்டையாகவும் அங்கத்தினரை அடைகிறது. அந்த மூட்டையின் விலையும் கடன் கணக்கிலேயே ஏறுகிறது. அதே சமயம் அவருடைய வீட்டுத் தொழுவத்தில் நாள்தோறும் உண்டாகும் உரம் அடுப்பிலும் தெருவோரத்திலும் அழிகிறது. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுவே. இந்த நஷ்டம் எவ்வாறு உண்டாகிறது, எந்தத் தினசரி வழக்கங்களால் அதைத் தடுக்கலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நஷ்டம் உண்டாகும் மூன்று வழிகள்

முதல் வழி அடுப்பு. சாணத்தை வரட்டியாகத் தட்டி எரித்தால், அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சாம்பலில் மிஞ்சும். அந்தச் சாம்பலாவது வயலுக்குப் போகிறதா என்றால், பெரும்பாலும் பாத்திரம் துலக்கவும் சாக்கடையில் கொட்டவுமே செலவாகிறது. மண்ணை மிருதுவாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும் மக்குப் பொருளோ ஒரு துளியும் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது வழி திறந்த குப்பைமேடு. 2016-ல் தொடங்கிய உஜ்வலா போன்ற திட்டங்களால் பல வீடுகளுக்குச் சமையல் எரிவாயு வந்தது. அவ்வீடுகளில் வரட்டியின் தேவை குறைந்தது. ஆனால் அடுப்பை விட்ட சாணம் வயலைச் சென்று சேரவில்லை. தெருவோரத்தில் மேடாகக் குவிந்தது. வெயிலில் காய்ந்தும் மழையில் கரைந்தும் கிடக்கும் குவியலில் தழைச்சத்து ஏறக்குறைய பாதி வரை வீணாவதுண்டு. மழைநீரோடு ஓடும் கறுப்புச் சாறு குளத்தையும் கிணற்றையும் கெடுக்கிறது. ஈக்கள் பெருகுவதும் அங்கேதான்.

மூன்றாவது வழியை யாரும் நஷ்டமாகவே எண்ணுவதில்லை. அதுவே மாட்டு மூத்திரம். மாடு வெளிவிடும் தழைச்சத்தில் சுமார் பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. தொழுவத்தின் தரை அதைக் குடித்துவிடுகிறது. அல்லது அது வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போகிறது. சாணத்தை மட்டும் அள்ளிச் சேர்க்கும் குடியானவர் கூட, தம் வீட்டு உரத்தில் பாதியை இழந்தவரே ஆவார்.

ஒரு சிறு கணக்கு

வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடுகிறது என்று கொள்வோம். வருஷத்துக்கு 3,650 கிலோ ஆகிறது. பச்சைச் சாணத்தில் நூற்றுக்கு 0.3 பங்கு தழைச்சத்து என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு மாட்டிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 11 கிலோ தழைச்சத்து கிடைக்கும். ஒரு ஜோடி மாட்டுக்கு 22 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. ஆகவே ஒரு ஜோடி மாட்டின் வருஷச் சாணத்தை அடுப்பிலிட்டவர் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமமானதை எரித்துவிட்டார். மூத்திரத்தையும் வீணாக்கினால் ஏறக்குறைய இன்னொரு மூட்டைக்குச் சமமானது போயிற்று. மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்குப் பொருள் ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழுவது இயல்பு. “யூரியா அரசாங்க மானியத்தால் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு மூட்டையை மிச்சப்படுத்த வருஷம் முழுவதும் சாணம் சுமப்பானேன்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. இதற்கு மூன்று சமாதானங்கள் உண்டு. முதலாவது, யூரியாவில் இருப்பது தழைச்சத்து ஒன்றுதான். தொழு எருவிலோ பயிருக்கு வேண்டிய எல்லாச் சத்துகளும் சிறிதளவேனும் உண்டு. இரண்டாவது, மக்குப் பொருள் குறைந்த மண் இறுகிப் போகும். பெய்த மழையைக் குடிக்காது. இட்ட உரத்தையும் பிடித்து வைக்காது. அப்போது அதே விளைச்சலுக்கு வருஷாவருஷம் அதிக மூட்டை வாங்க நேரிடும், கடனும் ஏறும். மூன்றாவது, மானியம் அரசாங்கத்தின் கையில் இருப்பது. எருக்குழியோ குடியானவரின் கையில் இருப்பது.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. தொழு எருவின் தழைச்சத்து மெல்ல மெல்லவே பயிருக்குக் கிடைக்கும். முதல் போகத்தில் ஒரு பகுதியே உதவும். ஆகையால் ஒரே வருஷத்தில் உர மூட்டையை அடியோடு நிறுத்துவது விவேகமன்று. மண் பரிசோதனையின்படி, எரு சேரச் சேர மூட்டையைக் குறைத்து வருவதே முறை.

பழைய எச்சரிக்கை

இந்த விஷயம் புதிதன்று. இந்திய விவசாயத்தைப் பரிசோதிக்க 1889-ல் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட டாக்டர் வோல்கர் என்னும் ரசாயன நிபுணர், 1893-ல் வெளியான தம் அறிக்கையில் சாணம் எரிக்கப்படுவதைப் பற்றி விரிவாக எழுதினார். குடியானவர் அறியாமையால் சாணத்தை எரிப்பதில்லை, விறகு கிடைக்காமையாலேயே எரிக்கிறார் என்பதை அவர் கண்டார். விறகுக்கும் தீவனத்துக்குமாகக் காடு வளர்ப்பதே பரிகாரம் என்றும் கூறினார். பின்னர் சர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, பயிர்க் கழிவையும் சாணத்தையும் மூத்திரம் ஊறிய மண்ணையும் அடுக்கி மக்கச் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். இந்தூர் முறை என்று பெயர் பெற்ற அதற்கு விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை. மண்வெட்டியும் கூடையும் ஒழுங்கான வழக்கமும் போதும்.

எருக்குழி அமைக்கும் முறை

இடம்: மழைநீர் தேங்காத மேட்டு நிலமாகவும், கூடுமானால் மரநிழலாகவும் இருக்கட்டும். குடிதண்ணீர்க் கிணற்றுக்கு அருகில் குழி வெட்டலாகாது.

அளவு: நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டுக்கு 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம் போதும். மாடு குறைந்தால் நீளத்தைக் குறைக்கலாம். ஆழத்தை 3 அடிக்கு மேல் கூட்ட வேண்டாம். ஒன்று நிரம்பி மக்கும் காலத்தில் மற்றொன்றை நிரப்பும்படி இரண்டு குழிகள் இருப்பது உத்தமம்.

தொழுவம்: மாலையில் மாடு கட்டும் இடத்தில் உலர்ந்த மண்ணையோ, மாடு கழித்த கூளத்தையோ, சருகையோ பரப்ப வேண்டும். இரவில் விழும் மூத்திரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். காலையில் அதைச் சாணத்தோடு சேர்த்து வாரிக் குழியில் இட வேண்டும். மூன்றாவது வழியாகப் போகும் நஷ்டத்தைத் தடுப்பது இந்த ஒரு வழக்கமே.

நிரப்புதல்: குழி முழுவதிலும் பரப்பாமல், ஒரு முனையில் 3 அடி நீளத்தை மட்டும் முதலில் நிரப்ப வேண்டும். அது தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும், மேற்புறத்தைக் கூரை போலச் சரித்து, சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட வேண்டும். பிறகு அடுத்த 3 அடியைத் தொடங்கலாம். மெழுகிய நான்கு ஐந்து மாதங்களில் எரு பக்குவமாகும். வெயிலோ மழையோ உள்ளே புகாது, ஈயும் மொய்க்காது.

ஈரம்: ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்திருந்தால் மாடு குளிப்பாட்டிய நீரைத் தெளிக்கலாம்.

சேர்க்கத் தக்கவை: காய்கறித் தோல், வீடு பெருக்கிய குப்பை, அடுப்புச் சாம்பல், களை, சருகு, புங்கந்தழை, கொழிஞ்சி, ஆவாரை.

சேர்க்கக் கூடாதவை: பிளாஸ்டிக் பை, கண்ணாடித் துண்டு, மருந்துப் புட்டி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. ஆயினும் அவை குப்பையில் வந்து சேரவே செய்கின்றன. எருவோடு வயலுக்குப் போன பை மக்காது. மேயும் மாட்டின் வயிற்றுக்கும் போகும். ஆகையால் வீட்டு வாசலில் ஒன்றுக்கு இரண்டு கூடைகள் வைப்பது நல்லது.

அடுப்புக்கு என்ன வழி?

எரிபொருளுக்கு வழி சொல்லாமல் வரட்டி தட்டாதே என்பது வீட்டுப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். வரட்டிப் புகையில் கண் எரிந்து இருமுபவர்களும் அவர்களே. நான்கைந்து மாடுகள் உள்ளவர்களுக்குச் சாண எரிவாயுக் கலன் மிகவும் ஏற்றது. நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணம் இட்டால் 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். நான்கு முதல் ஆறு பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு அது போதும். கலனிலிருந்து வெளிவரும் கழிவில் தழைச்சத்து அழியாமல் இருப்பதால் எருவும் நஷ்டமாவதில்லை. ஒரே சாணம் அடுப்புக்கும் வயலுக்கும் உதவுகிறது.

ஓரிரு மாடு உள்ளவர்களுக்குக் கலன் ஒத்துவராது. அவர்கள் வரப்பிலும் வேலியிலும் கிளைரிசிடியா, புங்கம், வேம்பு முதலியவற்றை நட்டு வளர்க்கலாம். தழை வயலுக்கு ஆகும். கழி விறகுக்கு ஆகும். சீமைக் கருவேல் தானாக மண்டிக் கிடக்கும் ஊர்களில் விறகுக்குக் குறைவே இல்லை. அங்கே சாணத்தை எரிப்பதற்குக் காரணம் பழக்கம் ஒன்றுதான்.

சங்கம் செய்யத் தக்கவை

செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் 1904-ல் கடன் சங்கம் தோன்றியபோது, தனி மனிதரால் ஆகாததை ஊரார் கூடினால் செய்யலாம் என்பதே அதன் அஸ்திவாரம். அந்த நியாயம் எருக்குழிக்கும் பொருந்தும். குழி வெட்டுவதற்கு அங்கத்தினர்கள் பத்துப் பேர் முறைவைத்து ஒருவருக்கொருவர் கைகொடுக்கலாம். சொந்த நிலத்தில் இடமில்லாதவர்களுக்குப் பொதுவான இடம் தரும்படி பஞ்சாயத்தைக் கேட்கலாம். தக்கைப்பூண்டு விதையையும் கிளைரிசிடியா போத்துகளையும் பருவத்துக்கு முன்பே சங்கம் வரவழைத்து வைக்கலாம். மாடு வாங்கக் கடன் கேட்பவரிடம், குழி இருக்கிறதா என்று நிர்வாகக் குழுவினர் ஒரு கேள்வி கேட்பதும் தகும். நிபந்தனையாக அன்று, நினைவூட்டலாக.

வீட்டிலும் வேலை ஒருவர் தலையில் விழலாகாது. மாலையில் கூளம் பரப்புவதை ஆண்களும், மக்காத குப்பையைப் பிரிப்பதைப் பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டால், காலையில் வாரிக் கொட்டும் வேலை கால்மணி நேரத்தில் முடியும். ஒரு நாள் செய்து ஒரு வாரம் விட்டால் பயன் இல்லை. பல் துலக்குவது போல் தினசரி வழக்கமானால்தான் குழி நிரம்பும்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. சங்க அங்கத்தினர்களிடம் மொத்தம் எத்தனை மாடுகள் உள்ளன? எருக்குழி உள்ள வீடுகள் எத்தனை?

2. மேற்சொன்ன கணக்கின்படி, ஊரில் வருஷந்தோறும் வீணாகும் தழைச்சத்து எத்தனை யூரியா மூட்டைக்குச் சமம்?

3. சென்ற வருஷம் சங்கத்தின் வழியாக அங்கத்தினர்கள் கடனுக்கு வாங்கிய மூட்டைகள் எத்தனை?

4. வரட்டியை இன்னும் நம்பியிருக்கும் வீடுகள் எவை? அவற்றில் கலனுக்கு ஏற்றவை எத்தனை, விறகு மரம் நட வேண்டியவை எத்தனை?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளின் விடைகளைக் காரியதரிசி ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சங்கக் கட்டடத்தின் வாசலில் மாட்டி வைப்பாராக. அடுத்த வருஷம் அதே பலகையில் அதன் கீழே புதிய எண்களை எழுதினால், குழிகள் செய்த வேலையை அங்கத்தினர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.