எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது?

கேள்வி: எம்.எஸ்சி. புள்ளியியல் இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் பிஎச்.டி. செய்ய ஆசை. தரவரிசையில் முதல் பத்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தால் போதுமா?
– வாசகி, திருச்சி

பதில்: போதாது. உங்களுக்கு வழிகாட்டக்கூடியவர் அங்கே இருக்கிறாரா என்பதைத் தரவரிசை சொல்லாது. ஐந்தாண்டு உங்கள் வேலை அவரோடுதான். ஆகவே, உங்களை ஈர்த்த ஆய்வுக் கட்டுரைகளை எழுதியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் தேடுங்கள். பேயசிய முறைகள் பிடிக்குமென்றால் டியூக்கை விட்டுவிடாதீர்கள். மாதிரிக் கணக்கெடுப்பு என்றால் அயோவா ஸ்டேட். புள்ளியியலாளர் ஸ்னெடகோர் 1933-இல் அங்கே தொடங்கிய புள்ளியியல் ஆய்வகத்தின் மரபு பெரியது. பட்டியலின் உச்சியில் இல்லை என்பதற்காக அதை ஒதுக்குவது பெரிய இழப்பு. ஒரே பேராசிரியரை நம்பியும் விண்ணப்பிக்காதீர்கள். அவர் ஓய்வு பெறலாம், இடம் மாறலாம். உங்கள் துறையில் இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும்.

மருத்துவத் தரவுகளில் ஆர்வம் உண்டா? ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உயிர்ப்புள்ளியியல், பொதுச் சுகாதாரக் கல்லூரிக்குள் இயங்கும் தனித் துறை. இத்தகைய துறைகளையும் பாருங்கள்.

ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லிக்குத் தயங்காமல் போடுங்கள். ஆனால் அங்கே மெய்யெண் பகுப்பாய்வில் உங்கள் மதிப்பெண்ணைக் கூர்ந்து பார்ப்பார்கள். மொத்தம் எட்டுப் பத்து இடங்கள் போதும். அவற்றில் பாதி, உங்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடியவையாக இருக்கட்டும். கல்விக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தராத இடத்தில், கடன் வாங்கிச் சேரவே வேண்டாம். பெரும்பாலும் டிசம்பரில் கடைசி நாள் வந்துவிடும். பரிந்துரைக் கடிதங்களுக்கு இப்போதே ஆசிரியர்களிடம் பேசுங்கள்.