இல்லம் காக்கும் இரு காவலர்

ஐதராபாத் நகரின் மேற்குப் பகுதியில் அமைந்தது கொண்டாப்பூர். ஹைடெக் சிட்டியை அடுத்திருப்பதால், பணியின் பொருட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாள்களில் குளிரூட்டிகள் இடைவிடாது இயங்கும். அப்போது சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பிகள் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. அவற்றைக் காப்பவை, வீட்டுச் சுவரில் பதித்த பெட்டியில் வரிசையாக நிற்கும் மின்துண்டிப்பான்கள். மக்கள் இவற்றை எம்.சி.பி. என்பர்.

தமிழ்நாட்டில் பழைய வீடுகளில் இவற்றின் இடத்தில் பீங்கான் பியூஸ் கட்டைகள் இருந்தன. மின்னோட்டம் மிகுந்தால் கட்டையிலுள்ள மெல்லிய கம்பி உருகி, மின்சுற்றை அறுக்கும். ஆயின், மீண்டும் மீண்டும் உருகுகிறதே எனச் சலித்துத் தடித்த கம்பியைக் கட்டிவிடுவோரும் உண்டு. அக்கம்பி உருகாது, அதற்கு மாறாகச் சுவருக்குள் உள்ள கம்பி சூடேறித் தீப்பற்றும்.

மின்துண்டிப்பானின் கருத்தைத் தாமசு எடிசன் 1879ஆம் ஆண்டிலேயே காப்புரிமை விண்ணப்பத்தில் விளக்கினார். வீடுகளுக்கேற்ற சிறிய வடிவத்தைப் பின்னர் செருமனியின் ஹூகோ ஸ்டோட்ஸ் உருவாக்கினார். அதனுள் இரண்டு அமைப்புகள் உள்ளன.

முதலாவது ஈருலோகத் தகடு. நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். சமையலறையில் 2000 வாட் மின்னடுப்பு, 2000 வாட் ஓவன், 1500 வாட் வெந்நீர்க் கெண்டி ஆகியவை ஒரே சுற்றில் இயங்கினால், 5500 ÷ 230 = ஏறத்தாழ 24 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அச்சுற்றின் துண்டிப்பான் 16 ஆம்பியருக்கு உரியதாயின், தகடு சூடேறி மெல்ல வளைந்து விசையை விடுவிக்கும். இரண்டாவது மின்காந்தம். கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக் குறுக்குச்சுற்று நேர்ந்தால், அது கண்ணிமைக்கும் நேரத்திற்குள் விசையை இழுத்துவிடும்.

எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதரை அன்று. மனித உடலில் 0.05 ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு இடர் நேரலாம். 16 ஆம்பியரை எல்லையாகக் கொண்ட துண்டிப்பானுக்கு அச்சிறு அளவு தெரிவதேயில்லை.

ஆதலின் இரண்டாம் காவலன் வேண்டும். அதுவே மின்கசிவுத் துண்டிப்பான், ஆர்.சி.சி.பி. எனப்படுவது. வீட்டினுள் செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என அது இடையறாது ஒப்பிடுகிறது. ஒருவர் உடல்வழியே தரைக்கு மின்சாரம் கசிந்தால் சமநிலை குலையும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை, அதாவது 0.03 ஆம்பியரை எட்டுவதற்குள் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானைப் பெரியவர்கள் அவ்வப்போது அழுத்திப் பார்த்தல் நன்று.

துண்டிப்பானின் நெம்புகோல் விழுவது பழுதன்று, எச்சரிக்கை. அதை வலிந்து மேலே நிறுத்தி வைத்தல் தவறு. முதலில் கருவிகளை அணைத்து, பின் பெரியவர் ஒருவர் உலர்ந்த கையால் ஒருமுறை மட்டும் உயர்த்தலாம். மீண்டும் விழுந்தால் மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். கம்பியின் தாங்குதிறனை ஆராயாமல் 16 ஆம்பியர் துண்டிப்பானுக்கு ஈடாக 32 ஆம்பியரைப் பொருத்துவது, பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

அருஞ்சொற்பொருள்
இடர் – ஆபத்து
கசிவு – சிறிதுசிறிதாக வெளியேறுதல்
வலிந்து – கட்டாயப்படுத்தி
ஈடாக – பதிலாக

பயிற்சி
1. பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைக் கட்டுவது ஏன் தீங்கானது?
2. எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகியவற்றின் பணிகளை வேறுபடுத்தி எழுதுக.
3. 2300 வாட் கருவி 230 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும்?
4. பிரித்து எழுதுக: மின்னோட்டம், ஈருலோகம்.
5. உம் வீட்டு மின்பெட்டியைத் தொடாமல் பார்த்து, துண்டிப்பான்களில் பொறித்துள்ள ஆம்பியர் அளவுகளை அட்டவணைப்படுத்துக.